பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஞாயிறுகள்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. பிரசங்கம் முடிந்ததும் முன்பெஞ்சிலிருந்து வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போய், முழங்காலிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். வயது வந்து, திடப்படுத்தல் பெற்றுச் சபையில் முழு அங்கத்தினரான எல்லாரும் போவார்கள். போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு வகை: சிறு பிள்ளைகள், ஏதோ செய்துவிட்டவர்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு என்று நான் நினைத்தேன். சபை அப்படி நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். லேத்தில் கடைந்து வருகிற ஷாஃப்டுகளையும் மற்ற உருப்படிகளையும் அளந்து, சரியானவை, திருத்த வேண்டியவை, கழிக்க வேண்டியவை என்று மூன்று ட்ரேக்களில் பிரிக்க வேண்டும். கழிப்பதற்குச் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு ஷாஃப்ட் நல்ல ஷாஃப்டா என்பதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடமில்லை. அளவு என்ன, கூடுதல் குறைவு எவ்வளவு விடலாம் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கும்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஐயர் பரிசுத்தம் பற்றித் தொடர்ந்து பிரசங்கித்தார். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் அழைப்போம். ஒரு ஞாயிறு, பரிசுத்தம் என்பது குகையில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்களுக்கு மட்டும் இல்லை, டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கும்தான் என்றார். நான் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். அன்று மாலையே திட்டம் போட்டேன்.

காலையில் ஜெபித்த பிறகுதான் காபி. பஸ்ஸில் வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பது. கேன்டீனில் மேனேஜரைப் போல யாராவது நடந்து காட்டினால் சிரிக்காமல் இருப்பது. அம்மா கூப்பிட்ட முதல் தடவையே எழுந்து போவது. பொய் சொல்லாமல் இருப்பது. புறம் பேசாமல் இருப்பது. யார் மேலும் மனவருத்தம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது.

காபி விஷயம் சுலபமாக இருந்தது. ஜெபம்தான் சற்றுச் சுருங்கியது. பஸ்ஸில் எனக்கே இடம் கிடைக்காததால் அந்த அம்சத்தைச் சோதிக்க முடியவில்லை. சிரிக்காமல் இருந்ததைப் பார்த்து, எனக்கு உடம்பு சரியில்லை என்று கேன்டீனில் முடிவு செய்துவிட்டார்கள். முதல் தடவையே எழுந்து போனபோது அம்மா பயந்துபோய், "என்ன கண்ணு, ஏதாவது வேணுமா?" என்றார். மொத்தத்தில் பரவாயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி அம்சத்தில் மட்டும் அத்தை இருந்தார்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மாமா இறந்த பிறகு தனியாக இருந்தார், ஆனால் வீட்டில் இருந்த நேரம் குறைவு. சபையில் யாருக்குப் பெண் பார்த்தாலும், யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அத்தை அங்கே இருப்பார். விசாரிக்க வருகிறவர்களும் முதலில் அத்தையிடம்தான் வருவார்கள்.

அதற்கு முந்தின வருடம் சத்தியமங்கலத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. நான் ஆபீசில் வேலை செய்வதாக அம்மா அவர்களிடம் சொல்லியிருந்தார். அவர்கள் அத்தையிடம் போய் விசாரித்தார்கள். "ஆபீசெல்லாம் இல்லீங்க. ஆம்பளைங்களோட நின்னு பம்பு அளக்குதுங்க. கையெல்லாம் ஆயிலு. சமையலு மட்டும் கேக்காதீங்க," என்று அத்தை சொல்லியிருக்கிறார். அவர்கள் அதன் பிறகு வரவில்லை.

அந்த மாப்பிள்ளையை நான் பார்த்தது கொஞ்ச நேரம்தான். தட்டில் வைத்த மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். அவர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அத்தை மேல்தான் வருத்தம். இவை இரண்டும் வேறு வேறு என்பதை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. அதனால் விட்டுவிட்டேன். அத்தையைப் பார்த்தால் "வாங்க அத்தை" என்பேன், காபி கொடுப்பேன், உள்ளே போய்விடுவேன்.

இனி அந்த முதல் ஞாயிறு. மன வருத்தங்களைத் தீர்த்துக்கொண்ட பிறகே பீடத்துக்கு வர வேண்டும் என்று ஐயர் அன்று பிரசங்கித்தார். அத்தை தாமதமாக வந்து, எங்கள் பெஞ்சின் ஓரத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் ஆராதனையில் திருவிருந்துக்கு முன் சமாதானம் கொடுக்கிற வழக்கம் உண்டு. ஐயர் பீடத்தருகே ஒருவருடைய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துச் சமாதானம் சொல்வார். வாங்கியவர் அதை அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே கைமாறி, பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரை போகும். அன்று அது அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. நான் அத்தைக்குக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தேன். அத்தை சிரித்தபடி வாங்கிக்கொண்டு, திரும்பிப் பின்பெஞ்சுக்குக் கொடுத்தார். என் கையிலிருந்து போனது என்ன என்பது எனக்குத் தெரியும். அதில் சமாதானம் இல்லை. சிவப்புப் பொட்டு வைக்க வேண்டிய உருப்படியை நல்ல ட்ரேயில் போட்டு அனுப்பிவிட்டேன். எனக்குப் பின்னால் இருந்த அத்தனை பெண்களும் அதை வாங்கி, ஒருவருக்கொருவர் பயபக்தியோடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பெஞ்சு எழுந்தபோது நான் எழவில்லை.

"எந்திரி கண்ணு," என்றார் அம்மா.

"நான் வரலீங்கம்மா."

"காச்சலா?"

"இல்லீங்க."

அதற்குள் அத்தை முன்னால் போய்விட்டார். பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இடம் குறைவு. அம்மாவும் அம்மாவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் என் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, வர வேண்டியிருந்தது. தாண்டிய ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டினார்கள்.

அத்தையிடம் நேராகப் போய்ப் பேசியிருக்கலாமே என்று கேட்கலாம். போனேன். அத்தை வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு முறுக்கு கொடுத்தார், தின்றுவிட்டு வந்தேன். அது தவிர விதியும் தெளிவாக இல்லை. ஐயர் சொன்னது, இன்னொருவருக்கு என் மேல் குறை இருந்தால் நான் போய்ச் சமாதானமாக வேண்டும் என்பது. எனக்கு இன்னொருவர் மேல் குறை இருந்தால் யார் போக வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

அடுத்த மாதமும் நான் எழவில்லை.

இந்த இடைவெளியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பம்பு கம்பெனியில் அளவு பார்க்கிறேன் என்று நானே சொன்னேன். எந்தக் கருவி, எத்தனை நுணுக்கமாக அளக்கும் என்று அவர் கேட்டார். சொன்னேன். அம்மா நடுவில் கேசரியை நீட்டினார். அவர் திரும்பிப் போன பிறகு, இந்த வரன் நடந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் சித்தி எங்கள் சபையில்தான் இருந்தார். என் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்காருவார்.

நான் எழாத அந்த இரண்டாவது ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஐயரம்மா, அதாவது ஐயருடைய மனைவி, வீட்டுக்கு வந்தார். அம்மாவைக் காபி போட அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"என்னைய உங்கம்மா மாதிரி நெனச்சுக்க கண்ணு. மனசுல என்ன இருந்தாலும் சொல்லிரு."

"ஒண்ணும் இல்லீங்க."

"கம்பெனியில... யாராச்சும்..."

"யாராச்சும்னா?"

"இல்ல, ஆம்பளைங்க இருக்கற எடம் பாரு."

"நிறையப் பேர் இருக்காங்க. நல்லவங்கதானுங்க."

ஐயரம்மா என் வயிற்றை ஒரு முறை பார்த்தார். "சாப்பாடெல்லாம் தங்குதா? வாந்தி கீந்தி?"

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டு நின்றது.

"இல்லீங்க," என்றேன். "ஒருத்தர் மேல மனவருத்தம் இருக்குதுங்க. அது தீராம வரக்கூடாதுன்னு ஐயர்தானுங்களே சொன்னாரு."

ஐயரம்மா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அவரு அதெல்லாம் பொதுவா சொல்றது கண்ணு," என்றார். "அப்புடிப் பாத்தா அன்னிக்கு அவரே போக முடியாது. காலையில என்கூடச் சண்டை போட்டுட்டுத்தான் அங்கியப் போட்டாரு. யாரு மேல வருத்தம்?"

யாரென்று சொன்னால் அது புறம் பேசுவது. சொல்லாவிட்டால் சந்தேகம். புறம் பேசக் கூடாது என்பது என் திட்டத்தில் இருந்தது, சந்தேகம் வரக் கூடாது என்பது இல்லை. சொல்ல மாட்டேன் என்றேன். ஐயரம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு, நீண்ட ஜெபம் ஒன்று செய்துவிட்டுப் போனார். அந்த ஜெபத்தில் நான் ஆண்டவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது மூன்று விதமாக வந்தது.

அந்த வாரமே பக்கத்து வீட்டு ஃபோனில் மேட்டுப்பாளையத்திலிருந்து செய்தி வந்தது. பூ வைக்க வருவதாகச் சொன்ன நாளைத் தள்ளிப் போடுகிறார்களாம். காரணம் சொல்லவில்லை. இரண்டு பெஞ்சு பின்னால் இருந்து பார்த்தால் காரணம் நன்றாகத் தெரியும் என்பது எங்களுக்குப் புரிந்தது.

அம்மா அழுதார். "பரிசுத்தமா இருக்கோணும்னா இரு கண்ணு. நா வேண்டாங்கல. அதை நாலு பேருக்குத் தெரியாம இருந்துக்கக் கூடாதா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அக்காகிட்டச் சொல்லி ஐயர்கிட்டப் பேசச் சொல்லட்டுமா?"

"அத்தைகிட்ட மட்டும் வேண்டாங்கப்பா," என்றேன்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், வெயிலில் குடையோடு அத்தையே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் அம்மணி, சபை பூரா என்னையத்தான் கேக்குது, உன்ற தம்பி மவளுக்கு என்னாச்சுன்னு. எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. எனக்குத் தெரியாதுன்னு நா இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. என்னதான் நடந்துச்சு?"

பொய் சொல்லக் கூடாது. "உங்களாலதானுங்க அத்தை," என்றேன்.

"என்னாலயா?"

"சத்தியமங்கலத்துக்காரங்ககிட்ட என்னையப் பத்திச் சொன்னீங்கல்ல. அந்த வருத்தம் இன்னும் போகலீங்க. அதோட எப்படிப் போய் முழங்கால் போடறது?"

அத்தை குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நா பொய்யா சொன்னேன்?"

"இல்லீங்க."

"ஆம்பளைங்களோட நின்னு வேலை செய்யறயா இல்லியா?"

"செய்யறனுங்க."

"கையில ஆயிலு?"

"இருக்குதுங்க."

"சமையலு?"

"கொழம்பு வெப்பாளுங்க அண்ணி," என்றார் அம்மா சமையலறையிலிருந்து.

"நா சாப்பிட்டிருக்கறேன்," என்றார் அத்தை. "சேரி, உள்ளதச் சொன்னா உனக்கு வருத்தம். அப்ப எனக்கு?"

"உங்களுக்கு என்னங்க?"

"கிரைண்டரு."

எனக்கு உடனே நினைவு வரவில்லை. அத்தை நினைவுபடுத்தினார். அதற்கும் முந்தைய கிறிஸ்துமஸின்போது அவர் புதிதாக ஒரு கிரைண்டர் வாங்கியிருந்தார். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினார். நான் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பேரிங் போய்விட்டது, கல்லும் நடுவில் உட்காரவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அதை விற்றவருடைய மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"பேரிங் போனது நெசந்தானுங்களே அத்தை."

"நெசந்தான். மாத்தினேன். அதுக்குன்னு அத்தன பேரு முன்னால சொல்லுவாங்களா? அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் உம்மேல எனக்குக் கோவம் தீரல. கோவத்தோடதான் மாசாமாசம் போயி வாங்கிட்டு வாரேன். மனசு நல்லா இருக்கறவளுக்கு அது எதுக்கு? சொகமில்லாதவதான் ஆஸ்பத்திரிக்குப் போகோணும். நீ என்னடான்னா சொகமானாத்தான் போவேன்னு வாசல்ல உக்காந்திருக்கற."

இதை அவர் உபதேசமாகச் சொல்லவில்லை. திட்டிக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவும் இல்லை. எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தைக்கு என் மேல் குறை இருந்திருக்கிறது. அப்படியானால் ஐயர் சொன்ன விதி எனக்குத் தெளிவாகப் பொருந்துகிறது. போயிருக்க வேண்டியவள் நான்தான்.

"கிரைண்டர் விஷயத்துக்கு மன்னிச்சுக்கங்க அத்தை. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கோணும்."

"சேரி," என்றார் அத்தை.

காத்திருந்தேன். அவர் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஏதாவது சொல்லலாமுங்க."

"நா எதுக்கு? நா உள்ளதத்தான சொன்னேன்."

"நானும் உள்ளதத்தானுங்க சொன்னேன்."

"நீ சின்னவ," என்றார். குடையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு ஒழுங்கா எந்திரி."

"மனசு சரியானா எந்திரிக்கறனுங்க."

"எப்பச் சரியாகும்?"

"தெரியலீங்க."

மறுநாள் அத்தை எனக்கு முன்பே வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திருவிருந்து நேரம் வந்தது. எங்கள் வரிசை எழுந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். அத்தையும் உட்கார்ந்திருந்தார்.

"போங்க அத்தை."

"நீ போ."

"நா போகலீங்க."

"அப்ப நானும் போகல."

அத்தைக்கு ரகசியமாகப் பேச வராது. முன்பெஞ்சில் இருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னால நீங்க போகாம இருக்க வேண்டாமுங்க."

"சும்மா உக்காரு. ஒருத்தி மட்டும் உக்காந்திருந்தா வவுத்துல என்ன, கம்பெனியில யாருன்னு கத கட்டுவாங்க. அத்தையும் மருமவளும் சேந்து உக்காந்திருந்தா, ஊட்டுச் சண்டைன்னு உட்டுட்டுப் போயிருவாங்க."

சபை முழுவதும் இப்போது இரண்டு ஜோடி முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு போனது. அம்மா எங்களைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார். மாமாவை அடக்கம் செய்த வாரத்தில்கூட அத்தை பீடத்துக்குப் போனவர். திடப்படுத்தல் பெற்ற நாளிலிருந்து ஒரு மாதமும் தவறியதில்லை என்பதை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பீடத்தில் ஐயர் கிண்ணத்தோடு நின்று எங்கள் பக்கம் பார்த்தார். யாராவது வருகிறார்களா என்று காத்திருந்தார். ஆர்கன் வாசிக்கிறவர் அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். அத்தை இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்டால் வேர்வை என்று சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அத்தை கணக்குப் போட்டது சரியாக இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. "அட, அத்தையோடயா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டுவிட்டு, மேலும் எதுவும் கேட்காமல் போய்விட்டார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று தோன்றியது. ஐயரம்மா என் தோளைத் தட்டி, "இதுக்குத்தானா கண்ணு!" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு பெஞ்சு பின்னால் உட்காருகிற சித்தி, படியில் அத்தையை நிறுத்தி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கிரைண்டர் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது.

அந்த மாதம் முழுவதும் நான் சாயந்திரங்களில் அத்தை வீட்டுக்குப் போய்வந்தேன். முன்போல உள்ளே போய் ஒளிந்துகொள்ள அது என் வீடு இல்லை. அத்தை என்னைக் குழம்பு வைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று குறை சொன்னார். சத்தியமங்கலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் எதிர்பார்ப்பதை ஏதோ ஒரு நாள் நிறுத்திவிட்டிருந்தேன். எந்த நாள் என்று தெரியவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து அதுவரை பதில் இல்லை. நானும் அத்தையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முன்வரிசைகள் எழுந்து போய்க்கொண்டிருந்தபோது அத்தை என் பக்கம் சாய்ந்தார்.

"நேத்து மேட்டுப்பாளையத்துக்காரங்க எங்கூட்டுக்கு வந்தாங்க கண்ணு. அந்தப் பையனோட அம்மாவும் அப்பாவும்."

"எதுக்குங்க?"

"விசாரிக்கத்தான். வேற எதுக்கு?"

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதத்தான். ஆம்பளைங்களோட நின்னு வேலை செய்யறா, கையில ஆயிலு, கொழம்பு சுமாரு, யாரு ஊட்டுக்குப் போனாலும் மெசினப் பாத்துக் கொற சொல்லுவா, மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டா லேசுல உட மாட்டா. எல்லாம் சொல்லிப்போட்டேன்."

எங்கள் முன்பெஞ்சு எழுந்தது. அடுத்தது நாங்கள். அம்மா எழுந்து நின்று என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வருத்தம் வழக்கமாக இருக்கிற இடத்தில் தேடிப் பார்த்தேன். ஏதோ கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது என்னை உட்கார வைக்கிற அளவுக்கு இல்லை. அத்தை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். இந்த முறையும் நான் எழாவிட்டால் அவரும் எழ மாட்டார் என்பது தெரிந்தது.

எழுந்தேன். அத்தை முன்னால் போக, நான் பின்னால் போனேன். பீடத்துக்கு முன்னால் அருகருகே முழங்காலிட்டோம். அந்த மேட்டுப்பாளையத்துக்காரர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சேரின்னுட்டாங்க," என்றார் அத்தை, நான் கேட்காமலே.

"பேசாம இருங்க அத்தை," என்றேன். ஐயர் தட்டோடு எங்கள் முன்னால் வந்துவிட்டார். கைகளை நீட்டினேன்.